எதிர்வீட்டுப் பசி

நாச்சிமுத்துவின் பசி தறிக்கூடத்தை விட்டு வெளியே வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். நான் வாசலில் கொத்தவரங்காய் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அது நிலையைத் தாண்டி, படியில் சற்று நின்று, தண்ணி லாரி போகிற வரைக்கும் பொறுத்திருந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்து, வீதியைக் கடந்து, நேராக என் வாசலுக்கு வந்து முறத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. கன்றுக்குட்டி உயரம் இருக்கும். அரிசி கழுவின தண்ணியின் நிறம். அதற்குக் கண் இருந்ததா, காது இருந்ததா என்று பிற்பாடு எத்தனையோ பேர் கேட்டார்கள். அதையெல்லாம் யார் கண்டது? வீட்டுக்கு வந்த ஜீவனை ஏற இறங்கப் பார்க்கிற பழக்கம் எனக்கில்லை. வலது தோளைக் கொஞ்சம் தாழ்த்தி உட்கார்ந்திருந்தது, அது மட்டும் ஞாபகம் இருக்கிறது. காலமெல்லாம் தறிமேல் குனிந்தே நின்ற மனுசனின் பசி வேறு எப்படி உட்காரும்?

"ஏஞ்சாமி, இன்னும் சோறு உங்கலையா?" என்று கேட்டேன்.

உள்ளே போய் ஒரு வட்டிலில் சோறு போட்டு, கொள்ளுப் பருப்பை ஊற்றி, ஓரத்தில் கொஞ்சம் மோரும் வைத்தேன். அது அவசரப்படவில்லை. ஒவ்வொரு பருக்கையாக, எங்கேயோ ரொம்ப தூரம் நடந்து வந்தது மாதிரி, நின்று நிதானித்து உண்டது. உண்டு முடித்துத் தரையில் படுத்துக் கண்ணயர்ந்துவிட்டது. எங்கூட்டுக்காரர் மில்லிலிருந்து வந்து அதைச் சுற்றிக்கொண்டு போய்க் கை கழுவினார். "எதிர்வீட்டுத் தம்பியோட பசிங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எளைச்சிருக்குது" என்று சொல்லிவிட்டு அவரும் சோறுண்ண உட்கார்ந்தார்.

எங்கள் ஊர் சுண்டமேட்டுப்புதூர். பல்லடத்துக்குக் கிழக்கே போகிற மினி பஸ்ஸில் ஏறி, காதில் சடக் சடக் என்று சத்தம் எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கே இறங்கிக்கொள்ளலாம். வீட்டுக்கு வீடு ஒட்டினாற்போல ஒரு தறிக்கூடம். பிறந்த பிள்ளை முதலில் கேட்கிறது தறிச் சத்தம்தான், அம்மா குரல் அப்புறம்தான். அதனால் எங்கள் ஊர்க்காரர்கள் வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனால் ரகசியத்தைக்கூடக் கத்தித்தான் சொல்வார்கள், மண்டபமே திரும்பிப் பார்க்கும்.

நாச்சிமுத்து தங்கமான மனுசன். அப்போது எட்டுத் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருமுறை வியாபாரியின் குடோனில் அவர் கொண்டுபோன துணியைப் பத்துப் பேர் முன்னால் விரித்துப் போட்டு, நடுவில் ஒரே ஒரு நூல் அறுந்து, அறுந்தது தெரியாமல் தறி ஓடி, கோடு விழுந்திருந்ததை விரலால் தொட்டுக்கொண்டே போய், "இதுக்குப் பேரு துணியா, நாச்சிமுத்து?" என்று அந்த வியாபாரி கேட்டுவிட்டான். அவன் அதை மறுநாளே மறந்திருப்பான். இவர் மறக்கவில்லை. அன்றிலிருந்து எட்டுத் தறிச் சத்தத்துக்கு நடுவில் ஒரு நூல் அறுகிற சத்தத்தைத் தேட ஆரம்பித்தார். நூல் அறுந்தால் சத்தமே வராது என்று அவருக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் தேடினார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தறிக்குத் தறி நடந்தார். ராத்திரி ஷிப்டுக்கு ஆள் இருந்தும் தூங்காமல் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தார்.

பசி என்ன செய்யும்? அது அதன் நேரத்துக்கு வந்து கூப்பிட்டது. "இரு, இந்தப் பீஸ் இறங்கட்டும்" என்றார். மறுபடி கூப்பிட்டது. "இரு, பாவு நூல் மாத்தீட்டு வர்றேன்" என்றார். அப்புறம் ஒருநாள், "சும்மா இருக்க மாட்டியா? எப்பப் பாரு உன்னோட ரோதனை!" என்று வாய்விட்டே திட்டினார், துளசிமணி காதால் கேட்டிருக்கிறாள். துளசிமணி அவர் சம்சாரம், நேரத்துக்கு அரிசியும்பருப்பும் ஆக்கி, கீரை கடைந்து, தூக்குப்போசியில் போட்டுக் கூடத்துக்கே கொண்டுபோவாள். அது அப்படியே திரும்பி வரும். பசி கேட்டபோது ஒன்றும் கொடுக்காத மனுசன், கவலை கேட்டபோது மட்டும் மறுக்கவில்லை. கவலைக்குக் கீரையும் பருப்பும் ஆகாதே. அதற்கு எண்ணெயில் பொரித்தது வேண்டும், சீனி அள்ளிப் போட்ட டீ வேண்டும், காரமாக நொறுக்கென்று எதையாவது கடித்துக்கொண்டே இருக்க வேண்டும். தறியின் மேல் ஒரு கை, போண்டாவில் ஒரு கை. அப்படித் தின்றது நெஞ்சைக் கரித்தது, கரித்ததால் தூக்கம் போனது, தூக்கம் போனதால் கை தடுமாறியது, தடுமாறினதால் நூல் இன்னும் அறுந்தது, அறுந்ததால் கவலை இன்னும் பெருத்தது, பெருத்த கவலை இன்னொரு போண்டா கேட்டது. இந்தச் செக்கில் சுற்றிச் சுற்றி அலுத்துப்போய்த்தான் அந்தப் பசி படியிறங்கி வந்தது என்று நான் நினைக்கிறேன். அதைக் கேட்டவர்கள் யாருமில்லை.

அன்று பொழுதோடு நானே போய் அவரிடம் சொன்னேன். தறிச் சத்தத்தில் வாயசைத்தும் கையாட்டியும்தான்.

"தம்பி, உங்க பசி எங்கூட்ல வந்து படுத்திருக்குது."

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வருத்தமாவது ஒன்றாவது. தலைச்சுமையை இறக்கி வைத்த மாதிரி ஒரு நிம்மதி.

"அங்கியே இருக்கட்டுங்க்கா. இங்க சும்மா நைநைன்னு ஒரே தொந்தரவு. ஆடி ஆர்டர் முடியட்டும், வந்து கூட்டிக்கறேன்" என்றார்.

ஆடி முடிந்தது. ஆவணியும் போனது. அவர் வரவில்லை. அதற்குள் அந்தப் பசி எங்கள் வீதிக்குப் பழகிவிட்டது. என் வீட்டிலேயே இருக்கும் என்றுதான் நினைத்தேன், ஆனால் அது ஒரே வீட்டில் தங்குகிற ரகமில்லை. காலையில் ரிட்டையர்டு கண்டக்டர் சென்னியப்பண்ணன் வீட்டில் இடியாப்பம் மாதிரி பிழிகிற சந்தவைக்குப் போகும். மத்தியானம் எங்கே ரசம் கொதிக்கிற வாசம் வருகிறதோ அங்கே போகும். பொழுது சாயும்போது அங்கன்வாடி வாசலில் பிள்ளைகளோடு சுண்டலுக்கு உட்காரும். அங்கன்வாடி டீச்சர் அதைப் பிள்ளைகளை நிறுக்கிற தராசில் ஏற்றிப் பார்த்தாள், முள் அசையவே இல்லை, சரி போ என்று இறக்கிவிட்டாள். ரேஷன் கடையில் அதன் பங்குக்கு அரிசி கேட்டுப் பார்க்கலாமே என்று சென்னியப்பண்ணன் நியாயம் பேசப் போனார். "ஆதார் இருக்குதுங்களா?" என்று கேட்டுக் கடைக்காரன் அனுப்பிவிட்டான்.

அடுத்தவர் பசிக்கு நாம் சோறு போட்டால் புண்ணியம் யாருக்கு, போட்டவருக்கா பசிக்குச் சொந்தக்காரருக்கா என்று மகளிர் குழுக் கூட்டத்தில் பெரிய வாக்குவாதம் நடந்தது. கடைசியில் மாகாளியம்மன் கோயில் பண்டாரத்திடம் போய்க் கேட்டார்கள். அவர் விபூதித் தட்டைத் துடைத்துக்கொண்டே, "பசின்னு வந்ததுக்குப் போட்டுட்டு அப்புறம் வந்து கேளுங்க" என்றார். அதோடு வழக்கு முடிந்தது. ஒறம்பரை வந்தால், அதாவது விருந்தாளி வந்தால், கை நனைக்காமல் அனுப்புகிற ஊரா எங்கள் ஊர்? எதிரியே வந்தாலும் இலை போட்டுவிட்டுத்தான் சண்டையை ஆரம்பிப்போம்.

ஆனால் அதற்கென்று சில பிடிவாதங்கள் இருந்தன. பேக்கரிக்காரர் பாசமாக ஒரு முட்டை பப்ஸ் கொண்டுவந்து வைத்தார், அது மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவர் மனசு உடைந்துபோய் வெகுநாள் அந்த வழியே வரவில்லை. டிவி ஓடினால் உண்ணாது. வட்டிலை விட்டு எழுந்து அடுத்த வீட்டுக்குப் போய்விடும். நின்றுகொண்டு யாராவது தின்றால் அதுவும் எழுந்து நிற்கும், உட்காரவே உட்காராது, பாவமாக இருக்கும். அதற்காக நாங்கள் டிவியை அணைத்தோம், செல்போனை அரிசி மூட்டைக்கு மேல் வைத்தோம், அதோடு சேர்ந்து கீழே உட்கார்ந்தோம். என்ன அதிசயமோ, அது பக்கத்தில் இருந்தால் வெறும் கம்மஞ்சோறும் மோர் மிளகாயும்கூட அமிர்தமாக இறங்கும். போதும் என்றால் அது வட்டிலைத் தள்ளிவிடும், நாமும் தள்ளிவிடுவோம். எங்கூட்டுக்காரருக்கு இருந்த நெஞ்சுக்கரிப்பு போன இடம் தெரியவில்லை. சென்னியப்பண்ணன் இடுப்பு பெல்ட்டில் புதுசாக ஓட்டை போட்டார். புரட்டாசிக்குள் எங்கள் வீதியே உச்சி குளிர்ந்து, முகம் தெளிந்து, ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழாமல், ராத்திரியானால் அடித்துப்போட்ட மாதிரி தூங்கியது.

இத்தனையும் யார் பசி? எதிர்வீட்டு மனுசனுடையது. அவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் தின்றுகொண்டேதான் இருந்தார், அதைச் சொல்ல வேண்டும். பசி போனால் மனுசன் தின்ன மாட்டான் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. போதும் என்று சொல்ல உள்ளே ஆள் இல்லாத வயிறு அது. மிக்சர் பொட்டலம், டீ, பன், மறுபடி டீ, பொழுதோடு பரோட்டா, அதன் மேல் சால்னா. வயிறு முன்னால் தள்ளியது, கையும் காலும் குச்சியாகப் போனது. கண்ணுக்குக் கீழே கருத்துவிட்டது. தறிக்கு நூல் தார் சுற்றுகிற பெண்ணைக் காரணமே இல்லாமல் திட்டினார், அவள் அழுதுகொண்டே வேலையை விட்டு நின்றுவிட்டாள். துளசிமணியிடம் பேசுகிறதே இல்லை. பேசினால் தறியைப் பற்றி மட்டும்தான்.

துளசிமணி ஒருநாள் மத்தியானம் தூக்குப்போசியோடு என் வீட்டுக்கு வந்தாள். பசி என் அடுப்படியில் உட்கார்ந்திருந்தது. அவள் அதன் முன்னால் உட்கார்ந்து, தான் ஆக்கிக்கொண்டு வந்த சோற்றைப் பிசைந்து, உருட்டி, தன் கையாலேயே ஊட்டினாள். அது சமர்த்தாக உண்டது. அவளுடைய கைப்பக்குவத்தை அது அடையாளம் கண்டுகொண்டது போல, ஒவ்வொரு வாய்க்கும் அவள் முழங்காலில் தலையைச் சாய்த்தது.

"பாருங்க்கா" என்றாள். "இதுக்கு என் கைச்சோறு இன்னும் புடிச்சுத்தான் இருக்குது. அந்த மனுசனுக்குத்தான்..." முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. மூக்குப் பிடிக்கச் சோறு போட்டுப் போட்டு என்ன காரியம் செய்துகொண்டிருக்கிறோம் என்று எனக்கு அப்போதும் புரியவில்லை பாருங்கள், அதற்கு இன்னொரு வட்டில் ரசம் ஊற்றித்தான் வைத்தேன்.

ஐப்பசியில் மழை பிடித்த ஒரு காலைப்பொழுது நாச்சிமுத்து தறியடியில் கண் இருண்டு சரிந்தார். நல்லவேளை, தறிமேல் விழவில்லை. ஆட்டோவில் போட்டு டவுன் கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். நானும் கூடப் போனேன். டாக்டரம்மா சின்ன வயசுதான். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தாள், கையில் பட்டை கட்டி பிரஷர் பார்த்தாள், படுக்கவைத்து வயிற்றை அங்கங்கே அழுத்திப் பார்த்தாள். ஓரிடத்தில் கை நின்றது.

"இவங்க பசி எங்கே?"

"எங்க வீதியிலதானுங்க இருக்குது" என்றேன். "இப்ப சென்னியப்பண்ணன் வீட்டுக்குப் போயிருக்கும். இன்னிக்கு அவங்கூட்ல சந்தவை."

"நல்லா சாப்பிடுதா?"

"அதுக்கென்னங்க, ராசாவாட்டம் உங்குது."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டாள். "சர்க்கரை ஏறியிருக்கு. பிரஷரும் அதிகம். வயித்துல புண்ணு. நான் மாத்திரை எழுதுவேன், எல்லாத்துக்கும் சாப்பாட்டுக்கு அப்புறம்னு எழுதணும். எதைச் சாப்பாடுன்னு எழுதறது? பன்னையா?" நாச்சிமுத்துவைப் பார்த்தாள். "அண்ணா, இந்தப் பயத்தோட எதைச் சாப்பிட்டாலும் உங்க உடம்பு அதை எடுத்துக்காது. இப்படியே போனா அடுத்த தடவை ஆட்டோவுல வர மாட்டீங்க. பசியைக் கூட்டிட்டு வாங்க. அது வந்த அப்புறம் நான் குடுக்கறது வேலை செய்யும்."

அவர் தலையை ஆட்டினார். ஆட்டோவில் திரும்பி வரும்போது, "கூடத்துல யாரு இருக்கறா? மூணாம் தறியைப் பார்க்கச் சொன்னீங்களா?" என்று கேட்டார். துளசிமணி மழையைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அன்றைக்கே சென்னியப்பண்ணனும் எங்கூட்டுக்காரரும் பசியை ஆளுக்கொரு பக்கம் அணைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். பசிக்குக் கனமில்லை, ஆனால் பிடி நிற்கவில்லை, ஈரச் சோப்புக்கட்டி போல நழுவியது. கூடத்துப் படிவரை வந்தது. உள்ளேயிருந்து தறிச் சத்தம் முகத்தில் அடித்ததும், நழுவி இறங்கி, திரும்பி, என் வீட்டு அடுப்படிக்கே வந்துவிட்டது. வந்து வட்டிலைப் பார்த்தது.

நான் சோற்றுப் பானையைத் திறந்தேன். அப்போதுதான் துளசிமணி என் வீட்டுக்குள் வந்தாள், தலைமுடி கலைந்து, மழையில் நனைந்து, பார்க்கவே பயமாக இருந்தது.

"போடாதீங்க்கா!" என்று கத்தினாள். "நீங்க போடப் போடத்தான் அது வர மாட்டேங்குது. எல்லாருங்கூட்லயும் ஒறம்பரையாட்டம் உண்டுபோட்டுத் திரிஞ்சா அது எதுக்குங்க்கா எங்கூட்டுக்கு வருது? உங்களையெல்லாம் கையெடுத்துக் கும்புடறேன். எம் புருசனோட பசி அது. அதைப் பட்டினி போடுங்க. அவரு பொழைக்கோணும்."

நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். வீதி முழுக்க அதே பேச்சு. சொன்னால் நம்ப மாட்டீர்கள், எங்கள் ஊருக்கு அதைப் போலக் கஷ்டமான காரியம் ஒன்று வந்ததே இல்லை. வெள்ளம் வந்தபோதுகூடப் பொங்கிப் போட்டுக்கொண்டிருந்த ஊர். வாசலில் ஒரு ஜீவன் உட்கார்ந்து பார்க்கிறபோது உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு உண்ண வேண்டும் என்றால் தொண்டையில் இறங்குமா? அது ஒவ்வொரு வாசலாகப் போய் நின்றது. கதவுகள் சாத்தியிருந்தன. அது தட்டவில்லை, கத்தவில்லை, மழைத் தண்ணி சொட்டச் சொட்ட நின்றுவிட்டு அடுத்த வாசலுக்குப் போனது. சென்னியப்பண்ணன் மட்டும் காக்காய்க்கு வைக்கிறேன் என்று சொல்லி மதில்மேல் ஒரு பெரிய இலையில் சாப்பாடு வைத்தார். இத்தனை சந்தவை தின்கிற காக்காய் எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டு அவர் சம்சாரமே அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். அவர் அன்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

மழை விட்ட அன்று மத்தியானம், பசி எங்கள் வாசலைக் கடந்து, யார் வீட்டையும் பார்க்காமல், நேராக நாச்சிமுத்துவின் தறிக்கூடத்துக்குப் போய்ப் படியில் உட்கார்ந்தது. நிறம் மங்கி, தோள் இன்னும் தாழ்ந்து, பூனைக்குட்டி அளவுக்குச் சிறுத்திருந்தது. உள்ளே போகவில்லை. தறிச் சத்தம் ஓங்கும்போதெல்லாம் உடம்பு விதிர்த்தது.

துளசிமணி உள்ளே ஓடினாள். எங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தால் கூடம் நன்றாகத் தெரியும். எங்களுக்கு வாயசைவே போதும், ஒரு வார்த்தை தவறாது.

"வந்திருக்குதுங்க! படியில உக்காந்திருக்குதுங்க! சத்தத்துக்குத்தான் பயப்படுது. தறியை நிறுத்துங்க!"

"தறியை நிறுத்தறதா? என்ன பேசற? நானென்ன செத்தா போயிட்டேன்?"

இதை நான் விளக்க வேண்டும். கரண்ட் போனால் தறி நிற்கும், நோம்பி பண்டிகைக்கு நிற்கும், அப்போதெல்லாம் ஊரே சேர்ந்து நிற்கும். மற்ற தறிகள் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருத்தர் கூடம் மட்டும் நடுப்பகலில் நின்றால் அந்த வீட்டில் சாவு என்று அர்த்தம். ஆள் அனுப்ப வேண்டாம், போன் பண்ண வேண்டாம். அந்த ஒரு கூடத்துச் சத்தம் குறைந்ததும் வீதியே எழுந்து வந்துவிடும். ஓடுகிற தறியை உயிரோடு இருக்கிறவன் தன் கையால் நிறுத்துவது எங்கள் ஊரில் வாய்விட்டுச் சொல்லக்கூடாத காரியம்.

"நிறுத்தலைன்னா செத்துத்தான் போவீங்க" என்றாள் துளசிமணி. அவ்வளவுதான் சொன்னாள். அவளே போய் மெயின் சுவிட்சை இறக்கியிருக்கலாம், கை எட்டுகிற தூரம்தான். இறக்கவில்லை. வெளியே வந்து படியில் பசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அதன் முதுகில் கையை வைத்துக்கொண்டாள்.

அவர் தறிக்குத் தறி நடந்தார். ஆனால் நடக்க நடக்கக் கண் வாசலுக்குப் போனது. முதல் தறியைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். நாலாம் தறியைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். படியில் அவருடைய சம்சாரம் உட்கார்ந்திருந்தாள், அவள் கைக்குக் கீழே தோளைத் தாழ்த்திக்கொண்டு அவரைப் போலவே ஒன்று உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தது. அப்படியே நின்றுவிட்டார். எத்தனை நேரம் நின்றாரோ தெரியாது. திரும்பித் தறியைப் பார்த்தபோது ஒரு நூல் அறுந்திருந்தது. அறுந்து, தறி பாட்டுக்கு ஓடி, துணியில் முழ நீளத்துக்குக் கோடு விழுந்திருந்தது. எந்தக் கோட்டுக்குப் பயந்து அந்த மனுசன் உண்ணாமல் தூங்காமல் கிடந்தாரோ அதே கோடு. அவர் குனிந்து அதை விரலால் தொட்டார். நான் ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன், இப்போது விழப்போகிறார் என்றே நினைத்தேன். அவர் விழவில்லை. கோட்டை அதன் முனைவரைக்கும் தொட்டுக்கொண்டே போனார். முனையில் விரல் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு நிமிர்ந்து, நடந்துபோய், மெயினை இறக்கிவிட்டார்.

எட்டுத் தறியும் ஒவ்வொன்றாகத் தேய்ந்து அடங்கின. நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவள், எனக்கு எல்லாம் தெரியும், இருந்தும் அந்தச் சத்தம் அடங்கினதும் என் வாயிலிருந்து என்னை அறியாமல், "அய்யோ தம்பீ!" என்று வந்துவிட்டது. பழக்கம் அப்படி. தெருவில் இறங்கினேன். பார்த்தால் எல்லா வீட்டிலிருந்தும் ஓடி வருகிறார்கள். பெண்கள் கொண்டையை அவிழ்த்துவிட்டுக்கொண்டே வருகிறார்கள். பண்டாரம் மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு வருகிறார். அங்கன்வாடி டீச்சர் பிள்ளைகளை அப்படியே விட்டுவிட்டு வருகிறாள். சென்னியப்பண்ணன் காதில் போனை வைத்துக்கொண்டு, "ஆமாப்பா, சாமியானா ஒண்ணு, சேர் ஒரு அம்பது" என்று அழுதுகொண்டே சொல்லிக்கொண்டு வருகிறார். படியில் பசியும் இல்லை, துளசிமணியும் இல்லை. எல்லோரும் மாரில் அடித்துக்கொண்டு கூடத்துக்குள் நுழைந்தோம்.

தறிகளுக்கு நடுவில், பஞ்சு படிந்த தரையில், நாச்சிமுத்து சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரில் தூக்குப்போசி திறந்திருந்தது. மடியில் கொஞ்சம் வெளிச்சமாக ஏதோ தெரிந்தது, அரிசி கழுவின தண்ணியின் நிறத்தில், வட்டிலை விடச் சின்னதாக. ஒவ்வொரு வாய்ச் சோறு உள்ளே போகப் போக அதுவும் உள்ளே போய்க்கொண்டிருந்தது. நாங்கள் வந்து நின்றது அவருக்குத் தெரியவில்லை. அவசரமில்லாமல், பிசைந்து, உருட்டி, மென்று உண்டார். மடியில் இருந்தது முழுசாக மறைந்ததும் அவர் கை நின்றது. முகம் என்னவோ மாதிரி ஆனது. வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். கண்ணிலிருந்து தண்ணி கொட்டியது.

"துளசி" என்றார். எத்தனையோ மாசத்துக்குப் பிறகு அவர் குரல் சத்தத்தின் மேல் ஏறாமல் சாதாரணமாகக் கேட்டது. "பசிக்குதடி."

துளசிமணி ஓவென்று அழுதாள். சாவுக்கு அழவென்று வந்து நின்ற நாங்கள் அத்தனை பேரும், அழுகையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றவர்கள், அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சேர்ந்து அழுதோம். அதைப் போல மனசு நிறைய நான் எந்த எழவு வீட்டிலும் அழுததில்லை. சென்னியப்பண்ணன் போனில், "இல்லப்பா, வேண்டாம், வேண்டாம், ஆளு உங்கறாரு" என்று கத்திக்கொண்டிருந்தார்.

துளசிமணி கரண்டியை என் பக்கம் நீட்டிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நான் வாங்கி, அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டு ரசம் ஊற்றினேன்.